நாலு மணிக்கு அழும் பிள்ளை

ஆம்பூர் ஸ்டேஷனை விட்டதும் வேகம் பிடிக்க வேண்டிய சரக்கு வண்டி, அன்று ஊதிக்கொண்டே வந்து நடுவழியில் நின்றுவிட்டது. வண்டி ஓட்டியவர் தலையை நீட்டிப் பார்த்தார். தண்டவாளத்தின் நடுவே ஒரு அம்மாள் நின்றிருந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு இஞ்சினைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"நவுரு. எனக்கு நேரமாய்ட்டுது. புள்ள அழுவுது."

இஞ்சின் நகரவில்லை. அவளும் நகரவில்லை. வழியோடு போன ஜட்கா வண்டிக்காரர் ஹபீப் பாய்தான் குதித்து ஓடி, அவளை ஓரமாக அழைத்துவந்தார். பிறகு தன் வண்டியிலேயே உட்காரவைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். வழி முழுக்க அவள் அந்த இஞ்சினுக்கு மரியாதையே தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தாளாம்.

அந்த அம்மாள் பேர் பட்டம்மாள். பத்து வயதுப் பூங்காவனத்துக்கு அவள் அத்தை. பூங்காவனத்தின் அப்பா வேலாயுதத்துக்கு ஒரே அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியோடே இருந்துவிட்டவள்.

இரண்டு வருஷமாக அத்தைக்கு மறதி. முதலில் சின்னச் சின்ன மறதிதான். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போடுவாள். அப்பாவின் செருப்பை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு, செருப்பைக் காணோம் என்று கூடவே தேடுவாள். அப்புறம் மறதி வளர்ந்தது. சாப்பிட்டதை மறந்தாள், தெருவின் பேரை மறந்தாள், ஒரு நாள் பூங்காவனத்தைப் பார்த்து, "யார் வூட்டுப் பொண்ணு நீ?" என்று கேட்டாள். அது ஒரு நோய் என்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

பூங்காவனம் மட்டும் சில விஷயங்களைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அத்தை சோறு கேட்டால், "இப்பத்தானே சாப்பிட்ட" என்று சொல்லக் கூடாது. சொன்னால் அத்தைக்கு அழுகை வரும். "இதோ ஆவுது, அதுக்குள்ள இந்தக் கீரைய ஆஞ்சு குடு அத்தே" என்றால், உட்கார்ந்து அழகாகக் கீரை ஆய்வாள். சோற்றை மறந்துவிடுவாள்.

ஆனால் நாலு மணியைச் சமாளிக்க மட்டும் பூங்காவனத்துக்கு வழி தெரியவில்லை.

ஆற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்று இருந்தது. அப்பாவுக்கு அங்கே சுண்ணாம்புக் குழியில் வேலை. வாசலில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அதில் அடித்து மணி சொல்வார்கள். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அந்த ஓசை ஊருக்குள் வந்ததும் அத்தை எழுந்துவிடுவாள். "புள்ள அழுவுது" என்பாள். கதவைச் சாத்தினால் தட்டுவாள். திறந்திருந்தால் ஓடுவாள். ஒவ்வொரு தடவையும் யாராவது பிடித்துக்கொண்டு வருவார்கள். அன்றுதான் ஒருவர் கண்ணிலும் படாமல் ரயில் பாதைவரைக்கும் போய்விட்டாள்.

அன்று திங்கட்கிழமை. வேலையிலிருந்து வந்த அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, வெள்ளிக்கிழமை ரயிலில் அக்காவைப் பட்டணத்துக்கு அழைத்துப் போய், புத்தி சரியில்லாதவர்களை வைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடப் போவதாகச் சொன்னார். அதுவரைக்கும் கட்டித்தான் வைக்க வேண்டும் என்றார். அவரே ஒரு கயிற்றை எடுத்து அத்தையின் இடுப்பில் சுற்றித் தூணில் கட்டினார்.

அத்தை கயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "மாட்ட அவுத்து வுட்டுட்டு, தப்பா என்னக் கட்டிட்டாங்க" என்று பூங்காவனத்திடம் ரகசியமாகச் சொன்னாள். அவர்கள் வீட்டில் மாடே கிடையாது. வேறு நாளாக இருந்தால் பூங்காவனத்துக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

எந்தப் பிள்ளை அழுகிறது என்று அவள் அம்மாவிடம் கேட்டாள். அம்மா அமிர்தவள்ளிக்கும் தெரியவில்லை. அத்தைக்குப் பிள்ளை ஏது? ஏதோ காத்து கருப்பு பிள்ளைக் குரலில் கூப்பிடுகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். அதைப் பூங்காவனம் நம்பவில்லை. காத்து கருப்பு எங்கேயாவது தினமும் சரியாக மணி பார்த்துக் கூப்பிடுமா?

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடக்கும்போதெல்லாம் அவள் அதையே யோசித்தாள். இத்தனை நாளும் எல்லோரும் அத்தையைத் தடுத்தார்கள், இழுத்தார்கள், பிடித்துக்கொண்டு வந்தார்கள். எங்கேதான் போகிறாள் என்று அவளைப் போய்ச் சேரவிட்டு ஒருவரும் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து அம்மாவிடம் அதைச் சொன்னாள். நானும் கூடப் போகிறேன், கையை விடவே மாட்டேன் என்று கெஞ்சினாள். அம்மா கயிற்றைப் பார்த்தாள். இடுப்பில் அது உரசி உரசிச் சிவந்துபோயிருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு அவளே குனிந்து முடிச்சை அவிழ்த்தாள்.

"தண்டவாளம் பக்கமே போவக் கூடாது. ஓடைப் பாலத்துக்கு அடியில பூந்து போ. வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடணும். அத்த கைய வுட்டேன்னு தெரிஞ்சுது, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

மணி அடித்தது. அத்தை எழுந்தாள். பூங்காவனம் அவள் கையைக் கோத்துக்கொண்டாள்.

ஐம்பத்தெட்டு வயது என்றாலும் அத்தை விடுவிடுவென்று நடந்தாள். பூங்காவனம்தான் ஓட வேண்டியிருந்தது. தெரு முடிந்ததும் அத்தை நேராக ரயில் பாதைப் பக்கம் திரும்பினாள். அங்கே போகாதே என்று சொல்லப் பூங்காவனம் வாயைத் திறந்துவிட்டு, சட்டென்று மாற்றிக்கொண்டாள். வேண்டாம் என்ற சொல் அத்தைக்கு எப்போதுமே கோபம் மூட்டும்.

"அத்தே, இந்தப் பக்கம் போனா சீக்கிரம் போய்ச் சேந்துடலாம்."

"அப்படியா? முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்று அத்தை திரும்பி ஓடைப் பக்கம் நடந்தாள்.

பாலத்துக்கு அடியில் தண்ணீர் இல்லை. மணல் குளிர்ச்சியாக இருந்தது. மேலே ஒரு வண்டி தடதடவென்று போனது. அந்தப் பக்கம் வெளியே வந்ததும் தோல் ஷாப்பின் வாடை மூக்கில் ஏறியது. சுற்றுச் சுவருக்கு வெளியே, பாலாற்று மணலைப் பார்த்தபடி ஒரு பெரிய புங்க மரம். அதன் கிளைகளில் பழைய புடவையால் கட்டிய தூளிகள் ஐந்து தொங்கின. ஷாப்பில் தோல் பதனிட ஆவாரம் பட்டை இடிக்கிற பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை அவற்றில் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். நாலு மணிக்கு மணி அடித்தால், வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள்.

அத்தை அந்தத் தூளிகளைப் பார்க்கவில்லை. மரத்தைச் சுற்றிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனாள். அங்கே தாழ்வாக ஒரு கிளை இருந்தது. அதில் தூளி எதுவும் இல்லை. அத்தை கிளையைத் தடவினாள். கீழே காற்றில் கையை விட்டுத் துழாவினாள். அவள் முகம் சுருங்கியது.

"வேலு. வேலு எங்க? இங்கதான போட்டுட்டுப் போனேன்."

பூங்காவனம் அத்தையை நிமிர்ந்து பார்த்தாள். வேலு என்பது அப்பாவின் பேர். தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மரத்தடியில் பட்டை நறுக்கிக்கொண்டிருந்த ஒரு வயதான பெண், கையில் இருந்த கத்தியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தாள். அவள் பேர் ஆரோக்கியமேரி. அத்தையின் முகத்தை உற்றுப் பார்த்து, "பட்டு தானே நீ?" என்றாள்.

பிறகு அவள்தான் பூங்காவனத்துக்கு எல்லாம் சொன்னாள். வேலுவுக்கு ஒன்பது மாசம் ஆனபோது அவர்களுடைய அம்மா பேதி கண்டு இறந்துபோனாள். அப்போது பட்டம்மாளுக்குப் பதினேழு வயது. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு இங்கே பட்டை இடிக்க வந்தாள். இந்தக் கிளையில்தான் தூளி கட்டுவாள். நாலு மணி அடித்ததும் மற்றவர்களுக்கு முன்னால் ஓடிவந்து, பால் வைத்திருக்கிற அக்காமார் ஒவ்வொருவரிடமும் கெஞ்சி, தம்பிக்குப் பால் வாங்கிக் கொடுப்பாள். ஒரு நாள்கூட அவனைப் பசியோடு விட்டதில்லை.

அத்தை தினமும் ஓடியது அந்தத் தம்பியிடம்தான். அவளைக் கயிற்றில் கட்டிப்போட்டதும் அதே தம்பிதான்.

அத்தை அழத் தொடங்கியிருந்தாள். வேலு பெரியவனாகிவிட்டான், மீசைகூட இருக்கிறது என்று சொன்னால் அவளுக்குப் புரியாது. பூங்காவனம் அவள் கையை அழுத்தினாள்.

"வேலு நல்லாக்கீறான் அத்தே. எங்க அம்மா வயிறு ரொம்பக் குடுத்துட்டாங்க. ஏப்பம்கூட விட்டான்."

"நெசமாவா?"

"நெசமா. நான் கேட்டேன்." அது பொய்யில்லை. அன்று காலை கூழ் குடித்துவிட்டு அப்பா விட்ட ஏப்பம் வாசல்வரைக்கும் கேட்டிருந்தது.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். பக்கத்துத் தூளியில் ஒரு குழந்தை சிணுங்கியது. அவள் கை தானாகப் போய் அதை ஆட்டியது.

அப்போது ஒரு தாய் வெளியே வந்தாள். தனபாக்கியம் என்று பேர். தண்டவாளத்தில் நின்று இஞ்சினைத் திட்டிய அம்மாள் தன் குழந்தையின் தூளியைப் பிடித்திருப்பதைப் பார்த்ததும் ஓடிவந்தாள். தூளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அந்த அம்மாளைக் கூட்டிக்கொண்டு போய்விடும்படி சொன்னாள். பூங்காவனம் அத்தையை எழுப்பிக்கொண்டு கிளம்பினாள். ஆனாலும் அன்று அத்தை அமைதியாகவே நடந்துவந்தாள்.

ராத்திரி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தூளி, தாழ்ந்த கிளை, ஒன்பது மாசத் தம்பி. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இன்னிக்கு நீ கூடப் போன. மழ வந்தா? உனக்குக் காய்ச்சல் வந்தா? அந்த ஒரு நாளு அக்கா வண்டி முன்னாடி போய் நின்னா, நான் இன்னாம்மா பண்ணுவேன்?"

வெள்ளிக்கிழமைக்குள் அதற்கு ஒரு பதில் கண்டுபிடித்தாக வேண்டும் என்று பூங்காவனத்துக்குத் தெரிந்தது.

புதன்கிழமை அவர்கள் மறுபடியும் போனார்கள். தனபாக்கியம் பார்த்தால் திட்டுவாளே என்று பூங்காவனம் அத்தையைத் தூரத்திலேயே உட்காரவைத்தாள். பால் கொடுக்க வந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் போன பிறகு, தனபாக்கியத்தின் குழந்தை வீறிட்டு அழுதது. ஆரோக்கியமேரி ஆட்டிப் பார்த்தாள். அழுகை நிற்கவில்லை. இப்போதுதானே பால் குடித்தது, வயிற்று வலியாக இருக்கும் என்று வசம்பு தேடப் போனாள்.

அத்தை எழுந்துவிட்டாள். பூங்காவனம் பிடிப்பதற்குள் தூளியை நெருங்கிவிட்டாள். அவள் குழந்தையைப் பார்க்கவில்லை. அண்ணாந்து தூளி கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தாள். கிளையிலிருந்து கயிறு வழியாகச் சிவப்பாக ஒரு கோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எறும்புகள். பால் வாசனைக்கு வரிசையாகத் தூளிக்குள் போய்க்கொண்டிருந்தன.

அத்தை ஒரே வீச்சில் குழந்தையை வாரி எடுத்தாள். தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு, முந்தானையால் முதுகையும் தொடையையும் தட்டித் தட்டி எறும்புகளை உதிர்த்தாள்.

"கயித்துல வேப்பெண்ணத் துணி சுத்தலியா? யாரு தூளி கட்னது, அறிவு இல்லாம?" என்று அதட்டினாள். அந்தக் குரலைக் கேட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் உலக்கைகள் நின்றன.

பெண்கள் வெளியே ஓடிவந்தபோது குழந்தை அத்தையின் தோளில் விக்கிக்கொண்டிருந்தது. அதன் தொடையில் பொட்டுப் பொட்டாகச் சிவந்திருந்தது. தனபாக்கியம் குழந்தைக்காகக் கையை நீட்டினாள். அத்தை உடனே கொடுத்துவிடவில்லை. முதலில் தூளியை உதறச் சொன்னாள். பிறகு கயிற்றில் எண்ணெய்த் துணி சுற்றச் சொன்னாள். ஒருத்தி ஓடிப்போய் வேப்பெண்ணெய் கொண்டுவந்தாள். அத்தை ஒரு கந்தலை அதில் நனைத்து, கயிற்றின் மேல்பக்கத்தில் இறுக்கிச் சுற்றிக் காட்டினாள். நேற்று நடந்ததைச் சொல்லத் தெரியாத அத்தையின் விரல்கள் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஐந்து தூளிக்கும் சுற்றி முடித்த பிறகுதான் குழந்தை தாயிடம் போனது.

தனபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டு, "நாளைக்கும் வர்றியாம்மா?" என்று கேட்டாள்.

"எங்க?" என்றாள் அத்தை. அதற்குள் எல்லாம் மறந்துபோயிருந்தது.

ஆனால் பூங்காவனத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவள் ஆரோக்கியமேரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை ரயிலைப் பற்றியும், மழை வந்தால் என்ன செய்வது என்று அப்பா கேட்டதைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில், பகலெல்லாம் அத்தை இங்கேயே குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தால் என்ன என்று தனக்குத் தோன்றியதையும் சொன்னாள்.

ஆரோக்கியமேரி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். "இவ்ளோதானா? உங்க தெருவத் தாண்டித்தான் நான் தெனம் வர்றேன். காலைல நானே இட்டுனு வர்றேன். மழ வந்தா ஷாப்பு எரவாணத்துல தூளி கட்டுவோம், அங்க உக்காரட்டும். நடுவுல நாங்க இத்தினி பேரு கீறோம். சாயங்காலம் அவ தம்பியே இட்டுனு போவட்டும்."

வியாழக்கிழமை காலையே ஆரோக்கியமேரி அத்தையை மரத்தடிக்கு அழைத்து வந்துவிட்டாள். நாலு மணி அடிக்கும்போது பூங்காவனம் ஷாப்பு வாசலில் நின்றாள். அப்பாவை இரண்டு நிமிஷம் வெளியே அனுப்பும்படி மேஸ்திரியிடம் கேட்டாள். வேலை நேரத்தில் ஆளை விட முடியாது என்றார் மேஸ்திரி. அவருடைய பேரப் பிள்ளையும் அந்த மரத்தில்தான் தூங்குகிறது என்பது பூங்காவனத்துக்குத் தெரியும். அதை எறும்பு கடிக்காமல் பார்த்துக்கொண்டது யார் என்று மரியாதையாகக் கேட்டாள். மேஸ்திரி மீசையைத் தடவிக்கொண்டு, உள்ளே ஆள் அனுப்பினார்.

அப்பா முழங்கைவரை சுண்ணாம்போடு வந்தார். என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோயிருந்தார். பூங்காவனம் அவரை மரத்தடிக்கு அழைத்துப் போனாள்.

அத்தை இரண்டு தூளிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். வலக்கை ஒன்றை ஆட்டியது, இடக்கை இன்னொன்றை ஆட்டியது. இரண்டு குழந்தைகளும் நன்றாகத் தூங்கின. அப்பாவைப் பார்த்ததும் அவள் விரலை உதட்டில் வைத்தாள்.

"மெதுவா வாய்யா. இது எந்தம்பி வேலு. ராவெல்லாம் தூங்காம பேஜார் பண்ணிட்டு, இப்பத்தான் கண்ண மூடினான்."

அப்பா அப்படியே நின்றார். கையைத் தூக்கிக் கண்ணிடம் கொண்டுபோனார்.

"சுண்ணாம்பு, கண்ணத் தொடாதப்பா," என்று பூங்காவனம் எட்டிப் பிடித்தாள். தன் பாவாடை நுனியால் அவளே துடைத்துவிட்டாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

ஆரோக்கியமேரி தங்கள் ஏற்பாட்டைச் சொன்னாள். மற்றப் பெண்களும் சுற்றி நின்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அக்காவை ரயிலேற்றினால் தங்கள் குழந்தைகளை வேலாயுதம்தான் வந்து ஆட்ட வேண்டும் என்று தனபாக்கியம் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நாளைக்கு ரயிலுக்குப் போகவில்லை, வேலைக்குத்தான் வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சுண்ணாம்புக் குழிக்குத் திரும்பினார்.

அன்று சாயங்காலம் பூங்காவனம் தெரு முழுக்க நொண்டியடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

அத்தையின் மறதி குறையவில்லை. வரவரக் கூடியது. செருப்பு இன்னும் அரிசிப் பானைக்குத்தான் போயிற்று. பூங்காவனத்தின் பேர் அடியோடு மறந்துவிட்டது. அதனால் என்ன, அவளைப் பார்த்ததும் "வந்துட்டியா" என்று நகர்ந்து இடம் கொடுத்தாள். பூங்காவனம் பள்ளிக்கூடம் விட்டு நேரே மரத்தடிக்கு வந்து, அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு படித்தாள். ஒரு நாள்கூட அத்தை ரயில் பாதைப் பக்கம் போகவில்லை. ஆடி மாசத்துக்குள் மரத்தில் தூளிகள் ஒன்பதாகிவிட்டன. யார் குழந்தையை அத்தைக்குப் பக்கத்துக் கிளையில் போடுவது என்று தாய்மார் காலையில் சண்டை போட்டார்கள்.

ஆறு மணிக்கு ஷாப்பு விடும். ஒவ்வொரு தாயாக வந்து தன் குழந்தையை வாங்கிக்கொண்டு போவாள். அப்பாவும் கை கால் கழுவிக்கொண்டு வந்து நிற்பார்.

ஒரு நாள் அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். காலியாக இருந்த ஒன்பது தூளிகளையும் பார்த்தாள். "எல்லாப் புள்ளையும் போய்ட்டுதே. உன் புள்ள எதுய்யா?" என்று கவலையோடு கேட்டாள்.

"நான் புள்ளய இட்டுனு போவ வரல. எங்க அக்காவ இட்டுனு போவ வந்தேன்."

அத்தையின் முகம் மெல்ல மலர்ந்தது.

"நல்ல தம்பியாக்கீறியே. யாரு வளத்தாங்களோ, நல்லா வளத்துக்கீறாங்க," என்று சொல்லிவிட்டு, எழுப்பிவிடச் சொல்லி அவரிடம் கையை நீட்டினாள்.